யாருடைய கையெழுத்து வேண்டும்?

அரசு ஆஸ்பத்திரியோ தனியார் நர்சிங் ஹோமோ, கர்ப்பப்பை சம்பந்தமான சிகிச்சைக்கு எங்கே போனாலும் பெண்ணிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டுக்காரர் வந்திருக்காராம்மா? கையெழுத்துப் போடணும்." பெண்களும் இதைச் சட்டம் என்றே நம்பிவிடுகிறார்கள். கணவர் வெளிநாட்டில் இருந்தால் மாமியாரை அழைத்து வருகிறார்கள், மாமியாரிடம் சொல்ல முடியாத விஷயம் என்றால் அண்ணனைத் தேடுகிறார்கள். யாரும் கிடைக்காதபோது வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்பியவர்களில் சிலர் மருந்துக்கடையிலோ தகுதியில்லாத யாரிடமோ போய் நிற்கிறார்கள். ரத்தப்போக்கு நிற்காமல் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரும்போது காலம் கடந்திருக்கிறது.

சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பி, சுயமாக முடிவெடுக்கும் மனநிலையில் இருக்கும் பெண்ணின் கையெழுத்து ஒன்றே போதும். கருக்கலைப்புக்கும், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும், காப்பர்-டி போடுவதற்கும் எடுப்பதற்கும், சிசேரியனுக்கும் அதுவே சம்மதம். கணவரின் கையெழுத்து, மாமியாரின் கையெழுத்து, அப்பாவின் கையெழுத்து எதுவும் சட்டத்தின் தேவை அல்ல. பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமாக நான் இதைத்தான் வைப்பேன், ஏனென்றால் மற்ற எந்த உரிமையைக் கேட்கப் போனாலும் இந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

முதலில் கருக்கலைப்பு. நம் நாட்டில் அது குற்றம் என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஸ்கேன் சென்டர் சுவரில் தொங்கும் அறிவிப்புப் பலகை இதற்கு ஒரு காரணம். அந்தப் பலகை சொல்வது வேறு. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கருக்கலைப்புக்கு 1971-இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அரசு ஆஸ்பத்திரியிலோ அனுமதி பெற்ற தனியார் ஆஸ்பத்திரியிலோ, தகுதியுள்ள டாக்டர் செய்யும் கருக்கலைப்பு முழுக்கச் சட்டபூர்வமானது.

அந்தச் சட்டத்தின் கீழ் பெண் சம்மதம் தெரிவிக்கும் தாளுக்கு 'சி' படிவம் என்று பெயர். சிறிய படிவம்தான். பெண்ணின் பெயர், வயது, முகவரி, எந்த ஆஸ்பத்திரியில் செய்துகொள்கிறார் என்ற விவரம், கடைசியில் கையெழுத்து. இன்னாரின் மகள் அல்லது மனைவி என்று எழுத ஓர் இடம் இருக்கிறது. அந்த இன்னார் கையெழுத்துப் போட அதில் இடம் கிடையாது. பெண் பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தாலோ, மனநோயால் முடிவெடுக்க இயலாத நிலையில் இருந்தாலோ மட்டும் பாதுகாவலர் எழுத்துமூலம் சம்மதம் தர வேண்டும். அந்தப் பாதுகாவலர் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பெண்ணைப் பராமரிப்பவர் யாராக இருந்தாலும் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

தன்னைக் கேட்காமல் கருவைக் கலைத்துவிட்டாள் என்று மனைவி மீதும், அவளுடைய வீட்டார் மீதும், சிகிச்சை தந்த டாக்டர்கள் மீதும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்ட கணவர் ஒருவர் உண்டு. முப்பது லட்சம் கேட்டார். பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. இதில் மறைக்காமல் சொல்ல வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. கணவருக்குத் தெரியாமல் கலைத்தது மனரீதியான கொடுமை என்று விவாகரத்து வழக்கில் வாதிட 2007-இல் வந்த ஒரு தீர்ப்பு இடம் தருகிறது. அது குடும்ப நீதிமன்றத்தில் பேச வேண்டிய விஷயம். அதைக் காட்டி ஆஸ்பத்திரி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

சட்டத்தின் எல்லைகளையும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டவுடன் கலைத்துத் தர வேண்டும் என்று நம் சட்டம் சொல்லவில்லை. இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து வேண்டும். கர்ப்பம் தொடர்ந்தால் பெண்ணின் உயிருக்கு ஆபத்து, அல்லது உடலுக்கோ மனதுக்கோ கடுமையான பாதிப்பு என்று அவர் கருதினால் செய்யலாம். குழந்தைக்குக் கடுமையான குறைபாடு இருக்கக்கூடும் என்றாலும் செய்யலாம். கருத்தடை சாதனம் பலிக்காமல் உண்டான கர்ப்பமும், பலாத்காரத்தால் உண்டான கர்ப்பமும் மனதைக் கடுமையாகப் பாதிக்கும் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. 2021 திருத்தத்துக்கு முன்பு கருத்தடை பலிக்காத இடத்தில் 'திருமணமான பெண் அல்லது அவள் கணவன்' என்று இருந்தது. இப்போது 'பெண் அல்லது அவளுடைய துணை' என்று மாறியிருக்கிறது.

இருபதிலிருந்து இருபத்துநான்கு வாரம் வரை இரண்டு டாக்டர்கள் கருத்துச் சொல்ல வேண்டும், அதுவும் குறிப்பிட்ட நிலைகளில் இருப்பவர்களுக்கு மட்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், பதினெட்டு வயது ஆகாதவர்கள், கர்ப்பமாக இருக்கும்போதே கணவனை இழந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள், கருவில் குறைபாடு கண்டறியப்பட்டவர்கள் ஆகியோர் இதில் வருவார்கள். இருபத்துநான்கு வாரத்துக்கு மேல் போனால், குழந்தையின் கடுமையான குறைபாட்டுக்காக மருத்துவக் குழு அனுமதிக்கலாம். பெண்ணின் உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டும் என்ற நிலையில் வாரக் கணக்கே கிடையாது.

வாரத்தை எண்ணுவதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். நாள் தள்ளிப்போய் ஒரு வாரம்தானே ஆகிறது என்று நினைக்கும்போது மருத்துவக் கணக்கில் ஐந்து வாரம் முடிந்திருக்கும். மாத்திரையால் கலைப்பதற்கு விதிகள் ஒன்பது வாரம் வரை அனுமதிக்கின்றன. அதுவும் டாக்டர் பார்த்து, கர்ப்பம் குழாயில் தங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு தர வேண்டிய மாத்திரை. கடையில் சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

திருமணமாகாத பெண்களின் நிலையை 2022 செப்டம்பர் 29 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மாற்றியது. டெல்லியில் வசித்த இருபத்தைந்து வயதுப் பெண் அவர். துணையாக இருந்தவர் கல்யாணத்துக்கு மறுத்துவிட்டார். கர்ப்பம் இருபது வாரத்தைத் தாண்டியிருந்தது. விதிகளில் திருமணமாகாதவர் என்ற பிரிவே இல்லை என்று உயர் நீதிமன்றம் கைவிரித்தது. நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா அடங்கிய அமர்வு, இருபத்துநான்கு வாரம் வரையிலான வாய்ப்பைத் தாலியைப் பார்த்துப் பிரிப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. கணவன் கட்டாயப்படுத்தி உறவு கொண்டதால் உண்டான கர்ப்பமும் இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை பலாத்காரக் கர்ப்பமே என்றது. டாக்டர்கள் சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளைப் போடுவதையும், குடும்பத்தாரின் சம்மதம் கேட்பதையும் தீர்ப்பு கண்டித்தது. உறவுக்காரர்கள் வந்து தகராறு செய்வார்கள் என்ற பயம் டாக்டர்களுக்கு இருப்பது உண்மைதான். அந்தப் பயத்துக்கு வேண்டியது டாக்டர்களுக்கான பாதுகாப்பு. அதன் சுமையைப் பெண்ணின் தலையில் இறக்குவது நியாயமில்லை.

பதினெட்டு வயதுக்குக் குறைந்த பெண் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இதற்குப் பயந்துதான் பல தாய்மார்கள் மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதில்லை. பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் பெண்ணின் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் வெளியிட வேண்டியதில்லை என்று அதே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. பொதுவாகவே, கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரைச் சட்டப்படி அதிகாரம் உள்ளவர்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்வது ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

2022 தீர்ப்புக்கு அடுத்த ஆண்டே ஒரு கதவு மூடவும் செய்தது. இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர், கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வராமலிருந்தார். கர்ப்பம் தரித்ததே தெரியவில்லை. தெரிந்தபோது இருபத்துநான்கு வாரம் தாண்டிவிட்டது. முந்தைய பிரசவத்துக்குப் பிறகு வந்த மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவர். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு அனுமதி மறுத்துவிட்டது. பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்ற நம்பிக்கை நம் வீடுகளிலும் இருக்கிறது. அது குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, தாய்ப்பால் மட்டுமே இரவும் பகலும் கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் ஓரளவுக்குப் பொருந்தும். கைக்குழந்தைக்காரி உடம்பில் ஏதோ மாற்றம் என்று உணர்ந்தால், பரிசோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

சம்மதத்துக்கு மறுபக்கமும் உண்டு. கருவைக் கலைக்கச் சொல்லிக் கணவனோ மாமியாரோ கட்டாயப்படுத்தி, பெண்ணின் சம்மதமில்லாமல் கலைத்தால், அது ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சட்டவிரோதமாகப் பரிசோதித்துப் பார்த்த வழக்குகளில், அந்தப் பரிசோதனைக்குப் பெண்ணை வீட்டார் வற்புறுத்தியிருக்கிறார்கள் என்றே சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. அதனால் போலீசுக்குப் போனால் நம்மையே உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று அவள் பயப்பட வேண்டியதில்லை.

இனி குடும்பக் கட்டுப்பாடு (கு.க.) ஆபரேஷன். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமாகி 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவைசிகிச்சை வெறும் 0.1 சதவீதம். ஆண்களுக்கான ஆபரேஷன் வயிற்றைத் திறக்காதது, சில நிமிடங்களில் முடிவது, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். அப்படியிருந்தும் இந்த வித்தியாசம். பிரசவ வலியில் கிடக்கும்போதோ, சிசேரியனுக்கு மேஜையில் படுக்க வைத்த பிறகோ, "ரெண்டாச்சும்மா, அப்படியே கு.க. பண்ணிடலாமா?" என்று கேட்டால் எந்தப் பெண்ணால் யோசித்துப் பதில் சொல்ல முடியும்? தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பெரியார் 1930-களிலேயே கர்ப்பத்தடை பற்றி எழுதும்போது, நாட்டின் வறுமைக்காகவும் உடல்நலத்துக்காகவும் அதைப் பேசுகிறவர்களிடமிருந்து தன்னைத் தனியே நிறுத்திக்கொண்டார். பெண்ணின் விடுதலைக்காக என்பதே அவர் சொன்ன காரணம். பின்னால் வந்த அரசுத் திட்டங்கள் மக்கள்தொகையை முன்னே வைத்தன. எத்தனை ஆபரேஷன் நடந்தது என்ற கணக்கு முக்கியமானது. 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில், இரவு நேரத்தில், டார்ச் வெளிச்சத்தில், ஒரே டாக்டர் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் கருத்தடை முகாம்களுக்குப் போன பெண்களில் 13 பேர் இறந்தார்கள். அராரியா வழக்கில் 2016-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளில் நிறுத்தச் சொன்னது. சம்மதப் படிவம் அந்தந்த ஊர் மொழியில் இருக்க வேண்டும், ஆபரேஷனின் விளைவுகளைப் பெண்ணுக்கு விளக்க வேண்டும், யோசிக்க அவகாசம் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

ஆகவே இந்த முடிவைக் கர்ப்பமாக இருக்கும்போதே, வலி வருவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து எடுங்கள். வேண்டாம் என்றால் மாதாந்திரச் செக்கப்புக்குப் போகும்போதே நர்சம்மாவிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால் கணவரின் கையெழுத்து தேவையில்லை என்பதை அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகும் சிலருக்குக் கரு தங்கிவிடுவதுண்டு. நாள் தள்ளிப்போனால் இரண்டு வாரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே இலவசமாகக் கலைத்துக்கொள்ளலாம். ஆபரேஷன் பலிக்காமல் போனதற்கு அரசிடம் இழப்பீடும் கேட்கலாம். இதற்கு ஆபரேஷன் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்பதால் அதைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே வையுங்கள்.

காப்பர்-டி விஷயத்தில் கேட்கும் புகார் இன்னும் மோசம். பிரசவம் முடிந்த கையோடு, சொல்லாமலே போட்டுவிடுகிறார்கள் என்று பெண்கள் சொல்கிறார்கள். வயிற்றுவலி என்று பல மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தபோதுதான் உள்ளே இருப்பது தெரிந்தது என்பவர்களும் உண்டு. காப்பர்-டி நல்ல சாதனம். அதில் ஒரு வகை பத்து ஆண்டு வரை பலன் தரும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிட்டு மறுபடி கர்ப்பம் தரிக்கலாம். ஆனால் நல்லதாகவே இருந்தாலும் கேட்காமல் போட யாருக்கும் உரிமை கிடையாது. "காப்பர்-டி போட்டுக்கிட்டாத்தான் கலைப்போம்" என்று நிபந்தனை போடுவதும் கருக்கலைப்புக்கான அரசு வழிகாட்டுதலுக்கு எதிரானது. டிஸ்சார்ஜ் ஆகும் முன் "எனக்கு ஏதாவது போட்டிருக்கீங்களா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை, ஆணுறை என்று அரசே இலவசமாகத் தரும் வேறு வழிகளும் இருக்கின்றன. உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள் சாப்பிடும் அவசரக் கருத்தடை மாத்திரைக்கு நாட்டில் டாக்டர் சீட்டு தேவையில்லை. இருந்தும் தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகள் அதை வைப்பதில்லை. கடைக்காரர் பார்க்கும் பார்வைக்குப் பயந்தே பாதிப்பேர் கேட்காமல் வந்துவிடுகிறார்கள். இது கருவைக் கலைக்கும் மாத்திரை அல்ல, கரு உண்டாகாமல் தடுப்பது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால் வந்த கஷ்டம் இது.

கையெழுத்து எந்த அளவுக்குச் செல்லும் என்பதற்கு 2008-இல் வந்த ஒரு தீர்ப்பைச் சொல்ல வேண்டும். டெல்லியில் நாற்பத்துநான்கு வயதுப் பெண், கல்யாணமாகாதவர், அதிக ரத்தப்போக்கு என்று டாக்டரிடம் போனார். உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்க மருந்து எடுத்துக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே காத்திருந்த வயதான தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவு திரும்பும்வரை காத்திருந்து அந்தப் பெண்ணையே கேட்டிருக்க வேண்டும், தாய் தந்த சம்மதம் செல்லாது என்றது. டாக்டருக்குக் கட்டணம் கிடையாது, பெண்ணுக்கு 25,000 ரூபாய் இழப்பீடு என்று உத்தரவானது. தொகை எனக்குக் குறைவாகவே படுகிறது. ஆனால் அந்த விதி பெரியது. பெற்ற தாயாலேயே உங்கள் சார்பில் சம்மதிக்க முடியாது என்றால், மாமியாராலும் கணவராலும் எப்படி முடியும்?

நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் "குழந்தை பெத்து முடிச்சாச்சு, இனி அது எதுக்கு?" என்று சொல்லிக் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வது சாதாரணமாகிவிட்டது. தேவையே இல்லாமல் எடுக்கிறார்கள் என்று பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களிலிருந்து வந்த வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. எதற்காக எடுக்கிறார்கள், மருந்தில் தீருமா, சினைப்பையும் சேர்ந்து போகிறதா என்று கேட்டு, முடிந்தால் வேறொரு டாக்டரிடமும் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பிரசவ அறைக்குள் திட்டும் அடியும் வாங்கியதை நம் அம்மாக்கள் ஒரு வழக்கம்போலச் சொல்வார்கள். அதற்கும் யாருக்கும் உரிமை கிடையாது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது உடனிருக்க ஒரு பெண் துணையை அனுமதிக்கும் ஏற்பாடு இருக்கிறது. கேட்காதவர்களுக்கு அது கிடைப்பதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்கு வண்டி எல்லாம் இலவசம் என்பது 2011-இலிருந்து மத்திய அரசின் திட்டம்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதற்கு மேல் என்றால் 12 வாரம். தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு குழந்தைகளைக் கணக்குக் காட்டி, மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பை மறுத்தார்கள். அந்த இரண்டு பேரும் அவரிடம்கூட இல்லை, தகப்பனிடம் வளர்ந்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு விடுப்பு தரச் சொன்னது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்றும் அந்தத் தீர்ப்பில் எழுதியது.

கவுண்டரில் உங்களைத் திருப்பி அனுப்பினால் சண்டை போட வேண்டாம். "வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்னு எந்த விதியில இருக்கு, எழுதிக் கொடுங்கம்மா" என்று நிதானமாகக் கேளுங்கள். எழுதித் தர யாரும் பொதுவாக முன்வர மாட்டார்கள். ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளரைப் பாருங்கள். 104 மருத்துவ உதவி எண்ணிலும் 181 பெண்கள் உதவி எண்ணிலும் சொல்லலாம். சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது டாக்டர்களுக்கான விதி. வழக்குப் போட வேண்டிய கட்டம் வந்தால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது, 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். கருக்கலைப்பாக இருந்தால் மட்டும் புகாரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கே அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், வாரக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.